டப்பாவில் எழுதாத ஹார்மோன்: வாசகர் கேள்வி – பதில்

சத்து பவுடர், 'பூஸ்டர்' மாத்திரை, ஊக்கமருந்துப் பரிசோதனை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஊரையும் விளையாட்டையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: மாவட்ட கபடி அணியில் ஆடுகிறேன். ஜிம் மாஸ்டர் ஒரு 'டெஸ்ட் பூஸ்டர்' டப்பா கொடுத்தார். அதில் 'டிஹெச்இஏ 50 மி.கி.' என்று போட்டிருக்கிறது. "அமெரிக்காவில் பலசரக்குக் கடையிலேயே கிடைக்கும், ஸ்டீராய்டு இல்லை" என்கிறார். சாப்பிடலாமா? (கல்லூரி மாணவர், தேனி)

வேண்டாம். மாஸ்டர் சொன்னதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். டிஹெச்இஏ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன். அமெரிக்காவில் அது கடையில் கிடைப்பது நிஜம்தான். 1994இல் அங்கே வந்த ஒரு சட்டம் இப்படிப்பட்ட பொருள்களை மருந்துக் கணக்கிலிருந்து எடுத்து உணவுக் கணக்கில் சேர்த்துவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 2004இல், உடலுக்குள் போய் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாக மாறும் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் முதலானவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போதும் டிஹெச்இஏவுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அது அந்த நாட்டின் வணிகச் சட்டம். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் டிஹெச்இஏ, எஸ்1 என்ற பிரிவில், தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டுகளோடு சேர்ந்து நிற்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டின் 365 நாளும் தடை. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி சத்துணவுப் பொருள்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது. ஆக, சத்துணவு என்ற பெயரில் அந்த டப்பா உங்கள் கைக்கு வந்ததே சட்டத்துக்குப் புறம்பு.

டிஹெச்இஏ அட்ரீனல் சுரப்பி தானே சுரக்கிற ஹார்மோன். உடல் அதை ஆண்ட்ரோஸ்டீன்டயோனாக மாற்றி, அதிலிருந்து டெஸ்டோஸ்டிரோனும் செய்யும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் செய்யும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. இருபது வயது ஆணின் விரைகள் ஏற்கெனவே முழு வேகத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கும். மாத்திரை வழியாக வருவது கடலில் கரைத்த பெருங்காயம். 1998இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் இருந்தது செய்தியானதும் விற்பனை எகிறியது. அடுத்த ஆண்டே அதை இளைஞர்களிடம் சோதித்தார்கள். நாளுக்கு 300 மி.கி. வீதம் 8 வாரம், கூடவே எடைப் பயிற்சி. டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட பலமும் கூடவில்லை. கூடியது ஈஸ்ட்ரோஜன். நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்தது. ஆண்களுக்கு மார்பு வீங்குவது இந்த வழியில்தான்.

பலன் கிடைக்காவிட்டாலும் பரிசோதனையில் மாட்டுவது நடக்கும். சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 4ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்குச் சந்தேகம் வரும். அடுத்து கார்பன் சோதனை. மருந்துக் கம்பெனிகள் இந்த ஹார்மோன்களைச் சோயா போன்ற செடிகளின் ஸ்டீராலிலிருந்து செய்கின்றன. அச்செடிகளில் கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 குறைவு. பலவிதச் சாப்பாட்டிலிருந்து உங்கள் உடல் செய்யும் ஹார்மோனில் அது சற்றே அதிகம். வெளியிலிருந்து வந்தது எது, உள்ளே ஊறியது எது என்று அந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஹெச்இஏ என்ற நான்கு எழுத்தை மட்டும் தேடிப் பழகாதீர்கள். பிராஸ்டெரோன், டிஹைட்ரோ எபி ஆண்ட்ரோஸ்டெரோன் இரண்டும் அதே பொருள்தான். 7-கீட்டோ டிஹெச்இஏ, எபிஆண்ட்ரோஸ்டெரோன் இரண்டும் தனியாகத் தடை. முன்னால் 1, 4, 17 என்று எண்கள், நடுவில் 'ஆண்ட்ரோ', முடிவில் 'டயோல்', 'டயோன்' என்று ஒரு பெயர் வந்தால் டப்பாவை மூடி வைத்துவிடுங்கள். 'ஈஸ்ட்ரோஜன் பிளாக்கர்' என்று விற்கும் அரிமிஸ்டேனும் தடைதான், எஸ்4 என்ற இன்னொரு பிரிவில்.

கேள்வி: காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த 'இயற்கை டிஹெச்இஏ' க்ரீம் என்று விளம்பரம் வருகிறதே? (கோவை)

கிழங்கில் இருப்பது டயோஸ்ஜெனின். ஆய்வகத்தில் பல ரசாயனப் படிகளுக்குப் பிறகு அதை ஹார்மோனாக்கலாம். மனித உடலில் அந்த வேலையைச் செய்யும் நொதி இல்லை. ஆகவே க்ரீமில் கிழங்கு மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. பூசியதும் ஏதாவது ஆனால் அதில் கிழங்கு மட்டும் இல்லை என்று அர்த்தம். வேலை செய்கிற ஹார்மோன் பொருள் பெரும்பாலும் தடைப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாதது பெரும்பாலும் பலத்தைக் கூட்டாது. இந்த வியாபாரத்தை அளக்க இந்த ஒரு கணக்கு போதும்.

கேள்வி: எங்கள் கோச் வாங்கிக் கொடுத்த புரோட்டீன் பவுடரின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். தடைசெய்த பெயர் ஒன்றுகூட இல்லை. பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்? (ஓட்டப் பந்தய வீராங்கனை, திருநெல்வேலி)

லேபிள் எழுதுகிறவருக்கே தெரியாதது டப்பாவுக்குள் இருக்கலாம். தெரிந்தே எழுதாமலும் விடலாம். இரண்டும் நடக்கிறது.

முதலாவது அழுக்கு. ஒரே ஆலையில் காலையில் ஹார்மோன் மாத்திரை, மாலையில் வைட்டமின் மாத்திரை என்று ஓட்டுவார்கள். கலக்கும் டிரம், சல்லடை, மாத்திரை அழுத்தும் எந்திரம் ஆகியவற்றை முழுதாகக் கழுவாமல் அடுத்த பேட்ச் போட்டால், முந்தைய பொருளின் தூசி அடுத்ததில் ஏறும். மொத்தமாக வாங்கும் மூலப்பொருள் மூட்டையிலேயே கலந்து வருவதும் உண்டு. இரண்டாவது களவு. 'பத்தே நாளில் பலன்' என்ற பெயர் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே ஸ்டீராய்டு கலப்பது. முதல் வகையில் அளவு மிகச் சிறிது, டப்பாவுக்கு டப்பா மாறும், ஒரே டப்பாவில் மேலே ஒன்று அடியில் ஒன்று என்றுகூட இருக்கும். இரண்டாவது வகையில் மருந்தளவுக்கே இருக்கும்.

2000, 2001 ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளில் 634 சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. எதிலும் ஹார்மோன் பெயர் லேபிளில் கிடையாது. 94இல் ஹார்மோன் இருந்தது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 15.

"தூசி அளவு என்ன செய்துவிடும்?" என்று கேட்பீர்கள். தசைக்கு ஒன்றும் செய்யாது, பரிசோதனைக்குப் போதும். நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டுக்கு முன்னோடியான 19-நார்ஆண்ட்ரோஸ்டீன்டயோனை வெறும் 5 மைக்ரோகிராம் தண்ணீரில் கலந்து கொடுத்த ஆய்வில், குடித்தவர்களில் பெரும்பாலோரின் சிறுநீர் அப்போதைய வரம்பான மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டியது. 30 கிராம் ஸ்கூப் ஒன்றில் 5 மைக்ரோகிராம் என்றால் 60 லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

கோச் வாங்கிக் கொடுத்தார் என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எங்களுக்குக் கூடுதல் கவலை. 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் 4x400 தொடர் ஓட்ட அணியில் மூவர் 2011இல் ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் சீனாவில் வாங்கிவந்து கொடுத்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். இந்திய விசாரணைக் குழு இரக்கம் காட்டி ஓராண்டுத் தடையோடு விட்டது. உலகத் தடகளச் சம்மேளனம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2012இல் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அதை இரண்டு ஆண்டாக்கியது. கோச் கையால் வாங்கினோம் என்பது முழுக் காப்பாகவில்லை. உங்கள் உடலுக்குள் போனதற்கு நீங்களே பொறுப்பு என்பது விதி. தெரிந்து சாப்பிட்டீர்களா, தெரியாமலா என்ற கேள்வி தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் வரும்.

கேள்வி: அப்படியானால் எந்த பவுடரைத்தான் வாங்குவது? நாடா 'அங்கீகரித்த' பிராண்ட் எது? (பளு தூக்கும் வீரர், வேலூர்)

நாடா, அதாவது நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, எந்த பிராண்டையும் அங்கீகரிப்பதில்லை. அப்படி ஒரு வாசகம் டப்பாவில் இருந்தால் அதையே பொய்க்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் ஊக்கமருந்துச் சோதனைச் சான்று அல்ல. தொழில் நடத்த உரிமம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் வெளி நிறுவனம் சோதித்த பொருளாகப் பாருங்கள். 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்', 'என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' என்ற இரண்டும் பரவலாக இருப்பவை. இங்கே பலர் ஏமாறுவது ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரையில் ஒவ்வொரு பேட்ச்சும் விற்பனைக்கு முன் சோதிக்கப்படும். கிட்டத்தட்ட அதேபோல் தெரியும் 'இன்ஃபார்ம்டு சாய்ஸ்' முத்திரையில் மாதத்துக்கு ஒருமுறை கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். போட்டி வீரருக்கு முதலாவதுதான் வேண்டும்.

முத்திரை அச்சடிப்பது சுலபம். டப்பாவின் அடியிலோ மூடியிலோ உள்ள பேட்ச் எண்ணை அந்தச் சான்று நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதே பிராண்ட், அதே சுவை, அதே பேட்ச் மூன்றும் பொருந்த வேண்டும். வெனிலாவுக்கு இருக்கும் சான்று சாக்லேட்டுக்குச் செல்லாது. திரையைப் படம் பிடித்துத் தேதியோடு வையுங்கள். ஜிம்மில் பிளாஸ்டிக் கவரில் பிரித்து விற்கும் பவுடர், சீல் உடைந்த டப்பா, பாதி விலைக்கு வரும் 'இறக்குமதி' சரக்கு மூன்றையும் தொடாதீர்கள். 'புரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று மொத்த எடை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாத பொருளும் வேண்டாம்.

வெறும் வே புரோட்டீனைவிட 'மாஸ் கெய்னர்', 'ப்ரீ ஒர்க்அவுட்', 'ஃபேட் பர்னர்', 'டெஸ்ட் பூஸ்டர்' வகைகளில் ஆபத்து அதிகம். சான்று இருந்தாலும் ஆபத்து பூஜ்யமாகாது, குறையும்.

உங்கள் எடை 70 கிலோ என்று வையுங்கள். கடும் பயிற்சியில் இருப்பவருக்கு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம், அதாவது நாளுக்கு 84 முதல் 140 கிராம். நான்கு முட்டையில் சுமார் 25 கிராம், வெந்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் சுமார் 45, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. மீதி பருப்பு, சுண்டல், சோறு, இட்லியில் வந்துவிடும். பவுடர் இல்லாமலே எட்டக்கூடிய கணக்குதான்.

கேள்வி: அஸ்வகந்தா, நெருஞ்சில், சிலாஜித் சாப்பிட்டால் பிரச்சினையா? (சிலம்பப் பயிற்சியாளர், மதுரை)

மூன்றும் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் 'நெருஞ்சில் சத்து' என்று டெஸ்டோஸ்டிரோன் ஆசை காட்டி விற்கும் கேப்ஸ்யூலுக்கும் நாட்டு மருந்துக் கடை நெருஞ்சில் முள்ளுக்கும் வெகு தூரம். கலப்படம் வருவது முதல் வகையில்.

மூலிகை என்றாலே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. எட்டிக்கொட்டை சேர்ந்த மருந்துகளில் ஸ்ட்ரிக்னின் இருக்கும், அது போட்டிக் காலத்தில் தடை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிர்கிஸ்தான் பளு தூக்கும் வீரர் ஒருவர் வெண்கலத்தை இழந்தது அதனால்தான். தாமரை விதையின் நடுவிலிருக்கும் பச்சை முளையில் ஹிஜெனமைன் உண்டு, அது எப்போதும் தடை. சித்த மருத்துவரிடம் போகும்போது "நான் போட்டி வீரர்" என்று முதலில் சொல்லி, சேர்மானப் பட்டியலை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, ஹாக்கி ஆடுகிறாள். மாநிலப் போட்டி நேரத்தில் மாதவிலக்கு வரும் என்று டாக்டர் தள்ளிப்போடும் மாத்திரை எழுதினார். அதுவும் ஹார்மோன்தானே? (தாய், சேலம்)

ஹார்மோன்தான், ஆனால் தடையில்லை. பெரும்பாலும் எழுதப்படுவது நோரெதிஸ்டெரோன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்ட்ரோலோன் எடுத்தால் சிறுநீரில் வரும் 19-நார்ஆண்ட்ரோஸ்டெரோன், இந்த மாத்திரை சாப்பிட்டாலும் சிறிதளவு வரலாம். ஆய்வகங்களுக்கு இது தெரியும். நோரெதிஸ்டெரோனின் தனி அடையாளமும் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பத்திலும் இதே பொருள் இயல்பாக வரும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். மகள் செய்ய வேண்டியது இரண்டு: மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவது, மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் மாத்திரையின் பெயரை எழுதுவது. வெட்கப்பட்டு எழுதாமல் விடுவதுதான் தவறு.

கேள்வி: எனக்கு 33 வயது, தடகள வீராங்கனை. கருத்தரிப்பு மையத்தில் டிஹெச்இஏ 25 மி.கி. நாளுக்கு மூன்று வேளையும், அடுத்த மாதம் லெட்ரோசோலும் தருவதாகச் சொல்கிறார்கள். (சென்னை)

இரண்டும் தடைப் பட்டியலில் உள்ளவை. கருமுட்டையைத் தூண்டப் பயன்படும் குளோமிஃபீனும் அப்படியே. மருத்துவருக்கு இது வழக்கமான சிகிச்சை. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.

முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவ விலக்கு அனுமதிக்கு நாடாவிடம் விண்ணப்பியுங்கள். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக விண்ணப்பம் போக வேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், தடையில்லாத மாற்று மருந்து ஏன் உதவாது என்ற மருத்துவரின் விளக்கம் எல்லாம் இணைக்க வேண்டும். லெட்ரோசோலுக்கும் குளோமிஃபீனுக்கும் ஆவணம் பலமாக இருந்தால் வாய்ப்பு உண்டு. டிஹெச்இஏவுக்குக் கிடைப்பது மிகவும் கடினம். அது இல்லாத சிகிச்சை முறையை மருத்துவரிடம் கேளுங்கள். புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ராடையால், தைராய்டு மாத்திரை ஆகியவற்றுக்குத் தடையில்லை. அனுமதி கையில் வரும்வரை "விண்ணப்பித்துவிட்டேன்" என்பது பாதுகாப்பு ஆகாது.

கேள்வி: தூக்கத்துக்கு மெலடோனின்? (தூத்துக்குடி)

ஹார்மோன்தான், தடையில்லை. கலப்பட எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கேள்வி: சார்ம்ஸ் என்பது ஸ்டீராய்டு இல்லையாம், பக்கவிளைவு இல்லையாம். ஆன்லைனில் சொட்டு மருந்துபோல் வருகிறது. (உடற்கட்டு வீரர், ஈரோடு)

ஸ்டீராய்டு அல்ல என்பது ரசாயன அமைப்பைப் பொறுத்தவரை சரி. ஸ்டீராய்டு போய் ஒட்டும் அதே ஏற்பியில்தான் இதுவும் ஒட்டும். ஆஸ்டரின், லிகாண்ட்ரால், ஆர்ஏடி-140 எல்லாம் அனபாலிக் பிரிவில், எப்போதும் தடை. கூடவே விற்கும் எம்கே-677 வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பது, கார்டரின் வளர்சிதை மாற்றத்தை மாற்றுவது, இரண்டும் தடைதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 'ஆய்வுக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும். விற்கிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது அது. கல்லீரல் பாதிப்பும், சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அடங்கிப்போவதும் மருத்துவத்தில் பதிவானவை.

கேள்வி: பரிசோதனையில் ஸ்டீராய்டு இருப்பதாக நோட்டீஸ் வந்துவிட்டது. பவுடரைத் தவிர எதையும் சாப்பிடவில்லை. என்ன செய்வது? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

முதலில் அந்த டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். கோபத்தில் பலர் செய்வது அதுதான், பிறகு நிரூபிக்கக் கையில் எதுவும் இருக்காது. மீதியிருக்கும் பவுடரோடு மூடி, வேறொருவர் சாட்சியாக ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். பிறகு அதே பேட்ச்சில் சீல் உடையாத டப்பா ஒன்றைத் தேடுங்கள். திறந்த டப்பாவில் மட்டும் ஸ்டீராய்டு இருந்தால் நீங்களே போட்டிருக்கலாம் என்று கேட்பார்கள். சீல் டப்பாவிலும் இருந்தால்தான் வழக்கு நிற்கும். ரசீது, ஆன்லைன் ஆர்டர், பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் திரட்டுங்கள். மாதிரி கொடுத்த அன்று படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகள், சத்துப் பொருள்கள் என்ற இடத்தில் இந்த பவுடரை எழுதியிருந்தீர்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது உங்களுக்குப் பெரிய துணை.

ஸ்டீராய்டு என்பதால் தற்காலிக இடைநீக்கம் உடனே வரும். நீங்கள் கொடுத்ததில் தனியாகப் பிரித்து முத்திரையிட்டு வைத்திருக்கும் 'பி' மாதிரியைத் திறந்து சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நோட்டீஸில் உள்ள கெடு தாண்டினால் அந்த உரிமை போய்விடும். தொடக்கத் தண்டனை 4 ஆண்டு. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று நீங்கள் காட்டினால் 2 ஆண்டு. லேபிளில் இல்லாத, இணையத்தில் நியாயமாகத் தேடினாலும் கிடைக்காத பொருள் கலந்திருந்தது என்றும், உங்கள் பக்கம் பெரிய கவனக்குறைவு இல்லை என்றும் நிரூபித்தால் அந்த 2 ஆண்டும் குறைந்து வெறும் கண்டிப்புவரை இறங்கலாம். எச்சரிக்கைகள் முதல் பக்கத்திலேயே வரும் பிராண்டாக இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். எதுவும் நிரூபிக்க வழியில்லை, 4 ஆண்டுதான் என்ற நிலையில், குற்றச்சாட்டுக் கடிதம் வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறையும். எந்த வழி என்று முடிவு செய்யும் முன் இந்த விதிகள் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். ஊரில் சொத்து வழக்கு நடத்துபவர் இதற்கு ஆகமாட்டார்.

உங்களுக்கு 16 வயது நிறையவில்லை என்றால் கடிதத்தில் அதை முதல் வரியாக எழுதுங்கள். அந்த வயதினருக்குத் தனி விதி, தண்டனையும் குறைவு, பெயரை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை.